குரல் ஏறும் வாரம்

செவ்வாய்க்கிழமை மதியங்களில் அந்த டாக்டருக்கு வேலை, தொலைபேசியில் மதிப்பெண் போடுவது. இடம் வட இங்கிலாந்தில் ஒரு நகரம். மனநலக் குழு ஒன்றில் ஆலோசக மருத்துவராக இருந்தவர், வாரத்தில் அரை நாளை ஒரு சின்ன முன்னோட்ட முயற்சிக்கு ஒதுக்கியிருந்தார். மனம் மேனியா என்ற மிதமிஞ்சிய எழுச்சிக்கும் மனச்சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோயாளிகள் சிலரை வரிசையாகக் கூப்பிடுவார். "போன வாரம் தூக்கம் எப்படி?" என்று தொடங்கி எரிச்சல், பேச்சு, செலவு, புதுத் திட்டங்கள் என்று விசாரணை நீளும். மேனியாவை அளக்கும் யங் அளவுகோலில் 11 இனங்கள், மொத்தம் 60 மதிப்பெண். மனச்சோர்வுக்கு ஹாமில்டன் அளவுகோல், 17 இனங்கள். பேசி முடித்ததும் தாளில் இரண்டு எண்கள் மிஞ்சும். அந்த வாரம் நோயாளியின் கைபேசியில் பதிவான குரலையும் இந்த எண்களையும் சேர்த்துக் கணினிக்குக் கொடுப்பார்கள். நாளடைவில் டாக்டர் கேட்காமலே, குரலை மட்டும் வைத்து அந்த எண்ணைச் சொல்லக் கணினி பழக வேண்டும். அதுதான் ஏற்பாடு.

டாக்டர் சென்னைக்காரர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் பயிற்சி எடுத்துவிட்டுக் கடல் தாண்டியவர். மேனியா நோயாளி வந்திருப்பதை வார்டுக்குள் நுழையும் முன்பே காது சொல்லிவிடும் என்பது அங்கேயே படித்த பாடம். குரல் உரத்திருக்கும், மூச்சுவிட இடைவெளி இருக்காது, ஒரு பேச்சு முடியுமுன் அடுத்தது முளைக்கும், எதுகை மோனையே சொற்களை இழுத்துக்கொண்டு போகும். மனச்சோர்வில் நேரெதிர். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட மௌனம். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்பலின் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவற்றை விரிவாக எழுதிவைத்துவிட்டார்.

ஆக, நோய் குரலில் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் வார்டுக்கு வந்த பிறகு தெரிந்து ஆவதென்ன? வருவதற்குப் பத்து நாள் முன்னால், அந்த ஆள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டும் பில் கட்டிக்கொண்டும் இருக்கும்போதே தெரியுமா?

அந்தப் பத்து நாளில் என்னென்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அத்துப்படி. ஒருவர் ராஜினாமாக் கடிதத்தை மொத்த அலுவலகத்துக்கும் நகல் போட்டு அனுப்புவார். இன்னொருவர் சேமிப்பையெல்லாம் வழித்து, ஓட்டத் தெரியாத படகை வாங்குவார். மேனியாவின் தொடக்கம் சுகமானது. மூளை பளிச்சென்று வேலை செய்வதுபோல இருக்கும், தூக்கம் மூன்று மணி நேரம் போதும். சுகமாக இருக்கிறது என்று யாரும் வைத்தியரிடம் போவதில்லை. லித்தியம் மேனியாவைத் தணிக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் எழுதியது 1949-ல். மருந்து இருக்கிறது. எப்போது அளவைக் கூட்டுவது, எப்போது தூக்க மாத்திரையைச் சேர்ப்பது என்று சொல்லக்கூடிய ஆள்தான் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை.

கைபேசியையே அந்த ஆளாக ஆக்கலாமா என்று பெரிய அளவில் முயன்றவர்கள் அமெரிக்காவில் ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார். மனநல மருத்துவர் மெல்வின் மெக்கின்னிஸ், கணினி அறிவியலாளர் எமிலி மோவர் பிரோவோஸ்ட், அவர்களோடு சதீந்தர் சிங் பவேஜா, ஜாஹி கரம் ஆகியோர் சேர்ந்து 'பிரியோரி' என்ற செயலியை உருவாக்கினார்கள். ஆண்ட்ராய்டு போனில் பின்னணியில் அது ஓடும். அழைப்பு வரும்போதும் போகும்போதும் நோயாளியின் பக்கக் குரலை மட்டும் பதியும், மறுமுனையில் பேசுபவரின் குரலைத் தொடாது. பதிந்ததை மறைகுறியாக்கி சர்வருக்கு அனுப்பும். 2014-ல் 6 நோயாளிகளின் பதிவுகளை வைத்து முதல் முடிவு வெளியாயிற்று. பிறகு திட்டம் வளர்ந்து, 50,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள், ஏறத்தாழ 4,000 மணி நேரப் பேச்சு என்று சேர்ந்தது.

அந்த நோயாளிகள் வந்தது பிரெக்டர் நீண்டகால ஆய்விலிருந்து. ஹைன்ஸ் பிரெக்டர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து, கார்களுக்குத் திறந்து மூடும் கூரை பொருத்தும் தொழிலில் பெரும்பணம் சேர்த்தவர். பைபோலார் நோயோடு வாழ்ந்தவர். 2001-ல் தற்கொலையால் இறந்தார். அவர் மனைவி வாலி பிரெக்டர் தொடங்கிவைத்த நிதிதான் மிச்சிகனில் இந்த ஆராய்ச்சியை வளர்த்தது.

டாக்டரின் குழுவுக்கு இவ்வளவு வசதி கிடையாது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பொறியாளர் வருவார், கோயம்புத்தூர்ப் பையன். மற்றவர்கள் முன்னால் ஆங்கிலம், இருவரும் தனியாக இருந்தால் தமிழ். குரலில் கணினி எதைப் பார்க்கிறது என்று டாக்டருக்கு விளக்கியது அவர்தான். குரலை நொடிக்கு நூறு முறை அளந்து, ஒவ்வொரு துண்டிலும் சுருதி எவ்வளவு, ஓசை எவ்வளவு, குரல்நாண் அதிர்வு சீராக இருக்கிறதா, மௌனம் எங்கே விழுகிறது என்று எண்களாக எழுதிக்கொள்வார்கள். இதற்கு உலகம் முழுக்கப் பலரும் பயன்படுத்தும் 'ஓப்பன்ஸ்மைல்' என்ற மென்பொருள் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. அளவுகள் கைக்கு வந்த பிறகு பேசிய சொற்கள் தேவையில்லை. நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கும்போது டாக்டர் இதைத்தான் முதலில் சொல்வார்: "நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது, எப்படிப் பேசினீர்கள் என்பது மட்டும்தான்." பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நம்பாமலே கையெழுத்துப் போட்டார்கள்.

ஒருநாள் பொறியாளர் மதிப்பெண் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒன்று கேட்டார்.

"டாக்டர், யங் ஸ்கேல்ல ஆறாவது கேள்வி பேச்சைப் பத்திதானே?"

"ஆமா. வேகம் எவ்வளவு, எவ்வளவு பேசுறாங்கன்னு. அதுக்கு எட்டு மார்க்."

"அந்த எட்டையும் நீங்க போன்ல குரலைக் கேட்டுத்தானே போடுறீங்க? அப்ப மெஷின் கத்துக்குறது நோயை இல்ல, உங்க காதை."

டாக்டர் சிரித்துவிட்டார். "என் காதுக்கு முப்பது வருஷ சர்வீஸ் தம்பி. ஓசியில கத்துக்கட்டும்."

சிரிப்போடு விடக்கூடிய விஷயமாக அது இல்லை. இந்தத் துறையில் உண்மை என்று எடுத்துக்கொள்வது மருத்துவர் போடும் எண்ணைத்தான். இரத்தச் சர்க்கரை மாதிரி ஊசி குத்தி எடுத்துச் சரிபார்க்க வேறு அளவு இல்லை. அதனால் நல்ல ஆய்வுகளில், மதிப்பெண் போடுபவருக்குக் கைபேசித் தகவல் எதையும் காட்டமாட்டார்கள். டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் ரிக்ஸ்ஹாஸ்பிட்டலைச் சேர்ந்த மரியா ஃபவ்ர்ஹோல்ட் யெப்சன், லார்ஸ் வேடெல் கெஸ்ஸிங் குழு அப்படித்தான் செய்தது. 28 நோயாளிகளை 12 வாரம் தொடர்ந்து, அன்றாட அழைப்புகளின் குரலை ஓப்பன்ஸ்மைலால் அளந்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். மேனியாவை அல்லது மேனியாவும் சோர்வும் கலந்த நிலையைச் சமநிலையிலிருந்து பிரித்தறிவதில் 0.89 என்ற அளவு கிடைத்தது, மனச்சோர்வில் 0.78. மேனியா நேரத்துப் பதிவு ஒன்றையும் சமநிலைப் பதிவு ஒன்றையும் கொடுத்து எது எது என்று கேட்டால், 100-க்கு 89 தடவை சரியாகச் சொல்லும் என்று இதற்குப் பொருள். நாணயத்தைச் சுண்டிப்போட்டால் 50. அந்த வகையில் பார்த்தால் அருமையான எண்தான்.

ஆனால் அது சொல்வது இன்றைய நிலையை. வரப்போகும் வாரத்தை இல்லை. பத்திரிகைத் தலைப்புகளில் "முன்கூட்டியே கணிக்கிறது" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை, உள்ளே போய்ப் பார்த்தால், "இப்போது இருப்பதைக் கண்டுகொள்கிறது" என்றுதான் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் டாக்டரின் செவ்வாய்க்கிழமைகள் கழிந்தன.

பள்ளத்தில் கிடந்த கற்கள் சில்லறைத்தனமானவை. மிச்சிகன் குழு 2016-ல் எழுதிய ஒரு கட்டுரை முழுக்க போன் மாடல் பற்றியது. சிலருக்கு சாம்சங் கேலக்ஸி எஸ்3 கொடுத்திருந்தார்கள், சிலருக்கு எஸ்5. இரண்டின் ஒலிப்பதிவும் வேறு வேறு. ஒலியின் அளவு வேறு, இரைச்சல் வேறு, சத்தம் உச்சத்தில் வெட்டுப்படும் விதம் வேறு. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டாமல் விட்டால், நோயாளி போன் மாற்றியதை மனநிலை மாறியதாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. டாக்டரின் நோயாளி ஒருவர் கட்டட வேலைக்காரர். கிரேனுக்குப் பக்கத்தில் நின்று பேசுவார். மனிதர் அமைதியின் சிகரம், பதிவைக் கேட்டால் போர்க்களம்.

இதைவிடப் பெரிய கல் ஒன்று. வாராந்தர மதிப்பீட்டு அழைப்பில் கணினி நன்றாகவே ஊகித்தது. அதே ஆள் தம்பியோடும் மனைவியோடும் வங்கியோடும் பேசும் அழைப்புகளில் திணறியது. மிச்சிகன்காரர்களும் 2019-ல் இதையே எழுதினார்கள். காரணம் யோசித்தால் புரிகிறது. மதிப்பீட்டு அழைப்பில் கேள்வி எப்போதும் ஒன்று, கேட்பவரும் ஒருவர். அதனால் பதிலில் தெரியும் மாற்றம் நோயாளியிடமிருந்து வருவது. வீட்டு அழைப்பில் மாற்றம் எங்கிருந்தும் வரலாம். அம்மாவோடு பேசும் குரலும் கடன் கொடுத்தவனோடு பேசும் குரலும் யாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்த இடத்தில்தான் உணர்ச்சி உள்ளே வருகிறது. குரலிலிருந்து நேரே நோய்க்குத் தாவாமல், நடுவில் ஒரு படி போட்டுக்கொண்டார்கள். முதலில் ஒவ்வொரு பேச்சுத் துண்டிலும் உணர்ச்சியை அளப்பது. அந்த உணர்ச்சிகள் நாள்கணக்கில் எப்படி ஓடுகின்றன என்று பார்த்து மனநிலையை ஊகிப்பது. உணர்ச்சிக்கு இரண்டே அச்சுகள். இனிப்பா கசப்பா என்பது ஒன்று, எவ்வளவு வேகம் என்பது மற்றொன்று. கோபமும் குதூகலமும் இரண்டாவது அச்சில் பக்கத்துப் பக்கத்து வீடு, முதலாவதில் எதிரெதிர் தெரு. மிச்சிகன் குழு தங்கள் அழைப்புகளிலிருந்தே துண்டுகளை எடுத்து, ஆட்களைக் கேட்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை எண் போடவைத்தது. 2018-ல் அந்தத் தொகுப்பைப் பற்றி எழுதியபோது, மனச்சோர்வு வாரங்களில் இரண்டு அச்சுகளும் இறங்குவதையும் மேனியா வாரங்களில் ஏறுவதையும் காட்ட முடிந்தது.

அதற்கு முன்புவரை இந்தத் துறை கற்றது பெரும்பாலும் நடிகர்களிடம். பெர்லின் தொகுப்பில் 10 நடிகர்கள் 10 ஜெர்மன் வாக்கியங்களை ஏழு விதமாகப் பேசியிருப்பார்கள். அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 'ஐஈமோகேப்' தொகுப்பு 2008-ல் வந்தது. அதிலும் 10 நடிகர்கள், சுமார் 12 மணி நேரம். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஸ்ரீகாந்த் நாராயணன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். எமிலி மோவர் பிரோவோஸ்ட் அவரிடம் முனைவர் பட்டம் செய்தவர். கோயம்புத்தூர்ப் பையன் இதைச் சொல்லும்போது, ஏதோ சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்வதுபோல முகம் மலரும்.

நடிகர் அழுதால் அழுகை தெரியும், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வாழ்க்கையில் அழுபவர் அதை மறைக்கத்தான் பார்ப்பார். முகத்தைப் படிக்கும் மென்பொருள்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் மோசம். உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடன் நால்வரும் 2019-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, கோபத்தில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான் என்று எழுதினார்கள். மீதி நேரம் கோபக்காரர் அழலாம், சிரிக்கலாம், கல்லாகவும் உட்கார்ந்திருக்கலாம். 2022-ல் மைக்ரோசாஃப்ட் தன் முகமறியும் சேவையிலிருந்து உணர்ச்சி ஊகத்தை எடுத்துவிடுவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பணியிடங்களிலும் பள்ளிகளிலும் உணர்ச்சியறியும் கருவிகளைத் தடைசெய்தது. 2025 பிப்ரவரியிலிருந்து அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு.

டாக்டருக்கு இந்தச் சண்டையில் ஓர் உறுதியான கட்சி உண்டு. 'இது கோபம்', 'இது துக்கம்' என்று உலகத்துக்கெல்லாம் பொதுவாகப் பெயர் சூட்டும் இயந்திரம் அவருக்கு வேண்டாம். இந்த ஒரு ஆள், போன மாதம் இருந்தபடி இருக்கிறாரா என்று மட்டும் சொன்னால் போதும். கடையில் தொங்கும் சட்டை வேண்டாம், அளவெடுத்துத் தைத்தது வேண்டும் என்பார்.

ஏனென்றால் நோய் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பாணியில் திரும்பும். அதே ஆளிடம் பெரும்பாலும் அதே பாணியில் திரும்பும். டாக்டர் பார்த்த ஒருவர், உடம்பு நன்றாக இருக்கும்போது கடைத்தெருவுக்கே கேட்கும்படி பேசுபவர். மேனியா நெருங்கும்போது குரல் தணிந்து, பயங்கரப் பணிவு வந்துவிடும்; ஏதோ பெரிய ரகசியப் பொறுப்பு தன்னிடம் வந்திருப்பதாக நினைப்பு. பொது மாதிரியில் ஓட்டினால் அவர் குணமாகிக்கொண்டிருப்பதாகக் கணினி சொல்லும். இன்னொரு பெண்மணிக்கு முதல் அறிகுறி, பழைய சிநேகிதிகளுக்குக் காகிதத்தில் கடிதம் எழுதத் தொடங்குவது. குரல் மாறுவதெல்லாம் ஒரு வாரம் கழித்துத்தான். தபால்தலை வாங்கினால் உஷாராக வேண்டும் என்பது அவர் கணவருக்கு எந்தச் செயலியும் இல்லாமலே தெரியும்.

இந்த அறிவை நம்பி ஒரு சிகிச்சையே இருக்கிறது. மான்செஸ்டரில் அலிசன் பெர்ரி, நிக்கலஸ் டேரியர், ரிச்சர்ட் மாரிஸ் ஆகியோர் செய்த ஆய்வு 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 69 நோயாளிகள். அவர்களில் ஒரு பாதியினரோடு உளவியலாளர் 7 முதல் 12 தடவை உட்கார்ந்து, உங்களுக்கு நோய் திரும்பும்போது முதலில் என்ன நடக்கும், அடுத்து என்ன, அப்போது யாரைக் கூப்பிடுவீர்கள் என்று பேசிப் பேசி எடுத்தார். வந்த பதிலை ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் கால்வாசிப் பேருக்கு மேனியா திரும்ப 17 வாரம் ஆயிற்று. அட்டை வைத்திருந்தவர்களில் கால்வாசிப் பேருக்குத் திரும்ப 65 வாரம். மனச்சோர்வில் மட்டும் இந்தப் பயிற்சி எடுபடவில்லை.

புதிய கருவி எதைக் கொண்டுவந்து காட்டினாலும் டாக்டர் இந்த 65-ஐ நினைத்துக்கொள்வார். பேட்டரி போடத் தேவையில்லாத அட்டை.

கருவிகள் அந்தச் சோதனைக்கு வந்தபோது என்ன ஆயிற்று? கோப்பன்ஹேகன் குழுவே நேர்மையாகச் செய்து பார்த்தது. தகவல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாகோப் பார்ட்ராமும் மேட்ஸ் ஃப்ரோஸ்டும் மருத்துவர்களோடு சேர்ந்து கட்டிய 'மொனார்க்கா' செயலியில் நோயாளி தினமும் தன் மனநிலையைக் கீழே மூன்று முதல் மேலே மூன்று வரை குறிப்பார். தூக்கம், மாத்திரை, எரிச்சல், குடி எல்லாம் பதிவாகும். செவிலியர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஏதாவது தப்பாகத் தெரிந்தால் கூப்பிடுவார். 2015-ல் வந்த முதல் சோதனையில் 78 பேர். கருவி வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அறிகுறிகளில் பெரிய வித்தியாசமில்லை. கருவிக்காரர்களிடம் மனச்சோர்வு சற்று நீடிக்கும் சாயல் தெரிந்தது. இரண்டாவது சோதனையில் 129 பேர், 9 மாதம், போன் தானாகவே சேகரிக்கும் தகவலும் உண்டு. அறிகுறிகள் அப்போதும் குறையவில்லை. வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகவும் மன அழுத்தம் குறைந்ததாகவும் நோயாளிகள் சொன்னார்கள். ஆனால் மனச்சோர்வு அத்தியாயங்கள் வரும் வாய்ப்பு கருவி வைத்திருந்தவர்களிடம் கூடுதலாக இருந்தது.

இப்படி ஒரு முடிவை ஒளிக்காமல் வெளியிட்டதற்காகவே டேனிஷ்காரர்களுக்குக் கும்பிடு போட வேண்டும் என்பார் டாக்டர். காரணம் பற்றி அவருக்கு ஓர் ஊகம் உண்டு. தினமும் காலையில் எழுந்து 'நான் எவ்வளவு சோகமாக இருக்கிறேன்' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் ஒத்துவராது. குரல்வழிக் கண்காணிப்பை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கும் இதுவே காரணம். அதில் நோயாளி எதுவும் செய்ய வேண்டியதில்லை, போனில் பேசினால் போதும்.

அடுத்தது அலாரம். இங்கே கணக்கு கொஞ்சம் கொடுமையானது. கண்காணிப்பில் 100 பேர், ஒரு குறிப்பிட்ட வாரத்தில் நோய் திரும்பப்போவது 2 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். கருவி பத்துக்கு எட்டு தடவை சரி, இரு பக்கமும். அந்த 2 பேரில் ஒருவரையோ இருவரையோ பிடித்துவிடும். கூடவே, ஒன்றும் ஆகாத 98 பேரில் ஏறத்தாழ 20 பேருக்கும் மணி அடிக்கும். செவிலியர் 20 வீட்டுக்குப் போன் செய்து "நன்றாக இருக்கிறீர்களா?" என்று கேட்பார். மூன்றாவது வாரத்தில் அந்தச் செவிலியர் மணியை நம்புவதை நிறுத்திவிடுவார். நோயாளியின் நிலை இன்னும் சங்கடம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் நாலு பேருக்குப் போன் செய்திருப்பார். சந்தோஷப்பட்டதற்காக மருத்துவமனையிலிருந்து விசாரணை வருகிறது. பைபோலார் உள்ளவர்கள் காலமெல்லாம் பொறுத்துக்கொள்ளும் அவமானம் இது. உரக்கச் சிரித்தால் "மாத்திரை போட்டியா?" என்று கேட்கும் வீடுகள் இங்கிலாந்திலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு.

டாக்டர் செய்துகொண்ட ஏற்பாடு, மணியைக் கருவியிடம் விடாதது. குரல் விலகியதாகக் கணினி சொன்னால், மான்செஸ்டர் பாணி அட்டையில் நோயாளியே எழுதிக்கொடுத்த முதல் அறிகுறியோடு சேர்த்துப் பார்ப்பார். பெரும்பாலும் அது தூக்கமாகத்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் அழைப்பு. இதில் விஞ்ஞானப் பெருமை ஒன்றும் இல்லை என்று அவருக்கே தெரியும். பொறியாளருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

"அப்ப மாடல் எதுக்கு டாக்டர்? தூக்கத்தை மட்டும் கேட்டுக்கலாமே?"

"தூக்கத்தைப் பத்திப் பொய் சொல்லலாம் தம்பி. ரெண்டு பொய் ஒரே நேரத்துல சொல்றது கஷ்டம்."

வியாபாரிகள் இந்தப் பக்கம் வராமல் இல்லை. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தை 13 ஆண்டுகள் நடத்திய டாம் இன்செல், பிறகு மைண்ட்ஸ்ட்ராங் என்ற நிறுவனத்துக்குப் போனார். போனில் விரல் தட்டும் விதத்திலிருந்தே மனத்தைப் படிக்கலாம் என்பது அதன் வாக்குறுதி. பெரும் முதலீடு வந்தது. 2023-ல் கடையைக் கட்டியது. அதே தட்டச்சு யோசனையைச் சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் லியோ குழு 'பையஃபெக்ட்' என்ற பெயரில் அடக்கமாகச் செய்துவருகிறது: என்ன தட்டினார்கள் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு வேகம், எத்தனை முறை அழித்துத் திருத்தினார்கள் என்று மட்டும் பார்ப்பது.

பிரியோரி பாணியில் அழைப்பைப் பதிவதற்கே இப்போது வழி அடைபட்டுவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு பத்தாம் பதிப்பிலிருந்து வெளிச் செயலிகள் அழைப்பைப் பதிய முடியாதபடி கூகுள் இறுக்கியது. 2022 மே மாதம் மிச்சமிருந்த இடுக்கையும் அடைத்தது. தனிமனிதரைக் காப்பாற்ற வந்த கட்டுப்பாடு அது, குறை சொல்ல முடியாது. மக்களும் சாதாரண அழைப்பை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள். அதனால் இப்போது தானாகச் சேரும் பேச்சு குறைந்து, 'தினமும் ஒரு நிமிடம் உங்கள் நாளைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டு வாங்கும் குரல்குறிப்பு வந்திருக்கிறது. நோயாளி எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற அந்த ஒரே ஒரு அனுகூலம் போயே போய்விட்டது. சோர்ந்து கிடப்பவர் குரல்குறிப்பு அனுப்பமாட்டார். அனுப்பாததையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் பொறியாளர். அது பரவாயில்லை, நல்ல யோசனை.

சென்னையில் இருக்கும் பழைய சகாக்கள் இதை அங்கே கொண்டுவரலாமா என்று கேட்பதுண்டு. டாக்டர் பதிலுக்குக் கேட்பது போன் யாருடையது என்பதை. ஒரே போனில் அம்மாவும் பேசி மகனும் பேசும் வீட்டில் யாருடைய குரலை அளப்பது? அவர் அங்கே கொண்டுபோகச் சொல்வது கருவியை அல்ல, அட்டையை. அதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது: 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோய் வந்தால் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம்.

முன்னோட்டம் முடிந்தபோது கணினி பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை, கட்டுரையாகவும் எழுதப்படவில்லை. கையெழுத்து வாங்கும் படிவம் மட்டும் இரண்டு பக்கத்திலிருந்து ஏழு பக்கமாக வளர்ந்திருந்தது. நோயாளிகள் ஒவ்வொருவராகச் சேர்த்த நிபந்தனைகள் அவை. ஞாயிற்றுக்கிழமை பதியக் கூடாது. வக்கீலோடு பேசும்போது பதியக் கூடாது. ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: மணி அடித்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், ஒரு நாள் பொறுங்கள், நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் அக்காவுக்குச் சொல்லுங்கள், அம்மாவுக்கு எக்காரணம் கொண்டும் வேண்டாம், ஒரே நாளில் 300 பவுண்டுக்கு மேல் செலவழித்திருந்தால் அந்த ஒரு நாள் அவகாசம் ரத்து. டாக்டர் அந்தத் தாளை நகலெடுத்து, பெயரை அடித்துவிட்டு, புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களுக்குப் பயிற்சியில் முதல் தாளாகக் கொடுக்கிறார். 300 பவுண்டு என்ற அளவு எப்படி வந்தது என்று அவர்கள் எப்போதும் கேட்பார்கள். போன தடவை படகுக்கு முன்பணம் கட்டிய தொகை அதற்குச் சற்று மேலே.